பிரேக் வைத்துவரப் பெங்களூர் போனோம்

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல்லி மேலே விழுந்தால் ஊரைக் கூட்டிவிடுவேன் என்று ஆஸ்பத்திரியில் என்னைக் கேலி செய்வார்கள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகலாமா என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவளைத்தான் எங்கள் பெரிய டாக்டர் ஒரு லாரியில் ஏற்றி, பின்னால் பிரேக் இல்லாத டிரெய்லர் ஒன்றையும் கோத்துவிட்டு, "பெங்களூர் போய் இதற்குப் பிரேக் வைத்துக்கொண்டு வா" என்று அனுப்பினார்.

டிரெய்லர் அமெரிக்காவிலிருந்து எங்கள் சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தருமமாக வந்தது. உள்ளே எக்ஸ்ரே மெஷின். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் இருமிக்கொண்டே காப்பி பறிக்கிற ஜனங்களை மலையிறங்கி வந்து நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னால் வரமாட்டார்கள். ஒருநாள் கூலி போய்விடுமே. அதனால் மெஷினையே மலைக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. படம் எடுக்கிறவள் நான். லாரி ஓட்டுகிறவர் மாணிக்கண்ணன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர்.

முதல் தடவை மலை ஏறியபோது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் சேதி தெரிந்தது. ஒரு வளைவில் மாணிக்கண்ணன் பிரேக்கை மிதித்தார். லாரி நிற்கப் பார்த்தது, டிரெய்லர் நிற்க மறுத்தது. பின்னாலிருந்து எங்களை நெட்டித் தள்ளியது. தள்ளியதோடு விடாமல் பக்கவாட்டில் திரும்பி என் ஜன்னலுக்கு நேரே வந்து எட்டிப் பார்த்தது. நான் வேலை செய்கிற வண்டியின் பெயர்ப்பலகையை நான் லாரிக்குள் உட்கார்ந்தபடியே படித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாணிக்கண்ணன் சமயோசிதமாக மலைப்பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் முட்டினார். பள்ளத்துப் பக்கம் திருப்பியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை என்றும் சொல்லமுடியாது. சக்கரங்களுக்குள் மின்காந்தம் வைத்திருக்கிறான் அமெரிக்காக்காரன். லாரி பேட்டரியிலிருந்து கரண்டு போனால் அது சக்கரத்தைப் பிடிக்கும். அந்தக் கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு கண்ட்ரோல் பெட்டி லாரிக்குள் இருக்கவேண்டும். பெட்டி வைக்கோலோடு மரப்பெட்டியில் பத்திரமாக வந்திருந்தது. மாட்டத் தெரிந்தவர்தான் சேலத்தில் யாரும் இல்லை. பெங்களூரில் தண்டு என்கிற கண்டோன்மெண்ட் பக்கம் முனிசாமி மேஸ்திரி என்று ஒருவர் இருக்கிறார், சண்டைக் காலத்தில் அமெரிக்கப் பட்டாள வண்டிகளில் வேலை செய்தவர் என்று யாரோ டாக்டரிடம் சொல்ல, எனக்குச் சனி பிடித்தது.

"டிரைவர் மட்டும் போகட்டுமே டாக்டர்" என்றேன். "மெஷின் உன் பொறுப்பு. அதை விட்டு நீ நகரக்கூடாது. பிரேக் வைத்துவிட்டால் அடுத்த வாரமே மலை ஏறணும், வைக்காவிட்டால் டிரெய்லர் இனிமேல் மலைக்குப் போகாது" என்று சொல்லிவிட்டார். போகாதிருந்தால் எனக்கு நிம்மதிதான். ஆனால் எடுத்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். எடுக்காமல் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்றும் தெரியும். வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

தொப்பூர் மலையை ஏறும்போது பயம் குறைவாகத்தான் இருந்தது. ஏற்றத்தில் டிரெய்லர் சாதுவாகப் பின்னால் வரும். மாணிக்கண்ணன் அதுவரை வாயே திறக்கவில்லை. மலை உச்சிக்கு வந்ததும், "திரும்பி வரும்போது இதுலதான் இறங்கணும் சிஸ்டர்" என்றார். நான் கேட்டேனா? 

மைசூர் ராஜ்யம் எனக்கு வெளிநாடு மாதிரி. வார்டில் படுத்திருந்த ஓசூர்க்காரர் ஒருவரிடம் இரண்டு கன்னட வாக்கியம் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். ஒன்று, எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு. இன்னொன்று, "மெள்ளகெ ஹோகி." மெதுவாகப் போங்கள் என்று அர்த்தம். எங்கே போனாலும் இந்த ஒன்று இருந்தால் போதும் என்பது என் கட்சி. மேஸ்திரி இருக்கிற மர்பி டவுனுக்குள் நுழைந்ததும் தலையில் காய்க்கூடையோடு போன ஒருத்தியை நிறுத்தி, "மேஸ்திரி ஒர்க்ஷாப் எல்லிதே?" என்று கஷ்டப்பட்டுக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, தமிழ்ல கேட்டா சொல்லமாட்டேனா?" என்றாள். தெரு முழுக்கத் தமிழ்தான். ஓசூர்க்காரரிடம் பட்ட பாடு வீண்.

முனிசாமி மேஸ்திரியின் ஒர்க்ஷாப் ஒரு தகரக் கொட்டகை. மேஸ்திரி தொந்தியும் கித்தாப்புமாக வெளியே வந்து டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அமெரிக்காக்காரன் வண்டியா? என்னைப் பார்த்தா தானா நிக்கும்மா இது!"

"நிக்காமத்தானே வந்திருக்கோம்" என்றேன்.

"பேஜார் பண்ணிக்காதீங்க. சொல்ப டைம் குடுங்க, எல்லாம் பராபர் ஆயிடும்."

தங்க ஏற்பாடு மேஸ்திரி வீட்டிலேயே. கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை. மேஸ்திரியின் சம்சாரம் கன்னியம்மா என்னைக் கண்டதுமே, "இன்னாம்மா முகம் இப்படி வெளுத்துப்போய் கெடக்கு? மொதல்ல சாப்புடு" என்று தட்டைப் போட்டாள். சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊரில் சாம்பாரில் வெல்லம் விழுந்தால் சமைத்தவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்வார்கள். அன்றைக்கு இருந்த பசியில் நான் இரண்டாம் தடவையும் ஊற்றச் சொன்னேன். குளிர் வேறு. சேலத்தில் ஐப்பசியில்கூட விசிறி இல்லாமல் தூங்கமுடியாது. இங்கே தூறலும் ஊதல் காற்றுமாக, கன்னியம்மா கொடுத்த கம்பளியைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். கண்ணை மூடினால் ஜன்னலில் அந்தப் பெயர்ப்பலகை வந்து நின்றது. மாணிக்கண்ணன் லாரியிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் மேஸ்திரி பெட்டியைப் பிரித்தார். வைக்கோலுக்குள்ளிருந்து கைப்பிடி வைத்த ஒரு இரும்புப் பெட்டியும், கடிகாரம் போல முள்ளோடு ஒரு மீட்டரும், கம்பிச் சுருளும் வந்தன. கடைசியில் பீங்கானில் கம்பி சுற்றிய குச்சி ஒன்றும் வந்தது. "இது கரண்டு அடுப்புக்குப் போடற காயில். பேக் பண்ணவன் தப்பாப் போட்டுட்டான்" என்று அதைத் தூக்கி மேஜைமேல் எறிந்தார். அது உருண்டுபோய் எண்ணெய்த் துணிகளுக்குள் புகுந்தது.

கண்ட்ரோல் பெட்டியை ஸ்டியரிங் தண்டில் மாட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடி இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நம் லாரிகளில் டிரைவர் வலது பக்கம். இடது பக்கம் உட்காருகிறவள் நான். 

"இது ஏன் இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கு?" என்றேன்.

"மலையில எறங்கும்போது டிரைவருக்கு எடது கை கியருக்கே சரியா இருக்கும். இன்னொரு கை ஸ்டியரிங்ல. மூணாவது கை இருக்கா அவருக்கு? பக்கத்துல உக்கார்றவங்கதான் இதைப் பிடிக்கணும்."

"பக்கத்தில் உட்கார்றது நான்தானே."

"அப்ப நீங்கதான்" என்றார் மேஸ்திரி, வெற்றிலையை மடித்தபடி.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள், பிரேக் பிடிக்கிறவள் இல்லை என்று மன்றாடினேன். ஆள் ஒன்று கூடப் போடச் சொல்லுங்கள் என்றேன். லாரி முன்பக்கத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று மாணிக்கண்ணன் எடுத்துச் சொன்னார். அன்று மத்தியானம் கன்னியம்மா வைத்த கேழ்வரகுக் களி தொண்டையில் இறங்கவில்லை. களி எங்கள் ஊரிலும் உண்டு. அது எங்கே போனாலும் நன்றாகவே இறங்கும். என் தொண்டையில்தான் கோளாறு.

சாயங்காலம் அல்சூர்ப் பக்கம் ஒரு சரிவில் வண்டியைக் கொண்டுபோனோம். மேஸ்திரி லாரியின் பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டு வந்தார். "இப்ப பிடிங்கம்மா" என்றார். நான் கைப்பிடியைத் தொட்டேன். சத்தியமாகத் தொட்டதுதான். டிரெய்லர் சக்கரங்கள் கிரீச்சென்று அப்படியே பூட்டிக்கொண்டன. லாரி குலுங்கி நின்றது. என் நெற்றி கண்ணாடியில் போய் மோதியது. எதிரே வந்த ஜட்கா வண்டிக் குதிரை இரண்டு காலில் எழும்பி நின்றது. ஜட்காக்காரர் துலுக்க பாஷையில் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "உங்களுக்கெல்லாம் வீட்டில் பிள்ளைகுட்டி கிடையாதா என்று கேட்கிறார்" என்று மேஸ்திரி மரியாதையாக மாற்றிச் சொன்னார். ரப்பர் தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"பார்த்தீங்களா, எப்படிப் பிடிக்குது!" என்று மேஸ்திரிக்கு ஒரே குஷி.

"இப்படிப் பிடித்தால் மலையில் நாங்கள் பல்டி அடிப்போம்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். நடுத்தெருவில் அழுகிறோமே என்று வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை.

மேஸ்திரி கீழே இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், பிறகு தன் நெற்றியில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார். "அய்யோ, அந்த அடுப்புக் காயில்!" லாரி பேட்டரியின் பலம் டிரெய்லர் பிரேக்குக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்காம். நடுவில் அந்தப் பீங்கான் குச்சியைப் போட்டால்தான் கரண்டு பாதியாகக் குறையுமாம். ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி எண்ணெய்த் துணிகளுக்குள் எல்லாருமாகத் தேடி அதை எடுத்தோம். "நான் அப்பவே நெனச்சேன், இது அடுப்புது இல்லேன்னு" என்றார் மேஸ்திரி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அதற்கப்புறம் எனக்குப் பயிற்சி. மேஸ்திரி சொன்ன பாடம் இரண்டே. முதலில் டிரெய்லரைப் பிடிக்கவேண்டும், அப்புறம்தான் டிரைவர் லாரியைப் பிடிக்கவேண்டும். "பின்னால இருக்கிறது மொதல்ல நின்னா அது உங்களை இழுத்துப் பிடிக்கும். முன்னால இருக்கிறது மொதல்ல நின்னா அது உங்களைத் தள்ளிவிட்டுடும்." இரண்டாவது, மீட்டர் முள். "கைப்பிடியை நவுத்தினா முள்ளும் நவரணும். முள்ளு நவரலேன்னா கரண்டு போகலே. போகலேன்னா பிரேக் இல்லே. கண்ணு முள்ளுலயே இருக்கட்டும்."

தண்டுப் பக்கத்துத் தெருக்களில் மேடும் பள்ளமுமாகச் சரிவுக்குக் குறைச்சலில்லை. ஏறுவோம், இறங்குவோம். "பிடிங்க" என்பார் மாணிக்கண்ணன். ஒன்று நான் முந்திவிடுவேன், இல்லாவிட்டால் பிந்திவிடுவேன். தெருவில் பெண்பிள்ளைகள் வாசலுக்கு வந்து நின்று, "நர்சம்மா இன்னிக்காவது பிடிச்சாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உயிர் அவர்களுடையதா?

பழகப் பழக ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சரிவு வந்தால் மாணிக்கண்ணனின் முழங்கால் நடுங்கியது. "என்னண்ணே?" என்றேன். "வாதம் சிஸ்டர். குளிர் ஒத்துக்கலே" என்றார். அவருக்கு வாதம் கிடையாது. அந்த முழங்காலைப் போன வருஷம் படம் எடுத்தவளே நான்தான். ஆனாலும் சும்மா இருந்துவிட்டேன். ஓட்டுகிறவரும் பயப்படுகிறார் என்பதைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

வேலை முடிந்ததும் புறப்படலாம் என்று பார்த்தால் ஆயுத பூஜை குறுக்கே வந்தது. அன்றைக்கு ஒர்க்ஷாப்பில் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடக்கூடாது, வண்டியும் நகரக்கூடாது. எல்லாக் கருவிகளையும் கழுவித் துடைத்துப் பலகைமேல் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எங்கள் ஊரிலும் ஆயுத பூஜை உண்டுதான். இங்கே பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டி, சைக்கிளுக்குச் செவ்வந்தி மாலை போட்டு, முக்குக்கு முக்கு பூசணிக்காய் உடைத்து, கல்யாண வீடு மாதிரி செய்கிறார்கள். பூசணிக்காயில் வழுக்கி ஒரு சைக்கிள்காரர் என் கண்ணெதிரே விழுந்தார். பிரேக் பிடித்தும் விழுந்தார். அதையும் நான் மனசில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் லாரிக்கும் டிரெய்லருக்கும் தானே சந்தனம் வைப்பதாகச் சொல்லி மாணிக்கண்ணன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தேன். லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில், கோத்திருக்கிற இடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. வேண்டிக்கொள்கிறார், கலைக்கவேண்டாம் என்று திரும்பிவிட்டேன். "உங்க டிரைவரு ஒரு கிண்ணம் சந்தனத்தையும் காலி பண்ணிட்டாரும்மா" என்று கன்னியம்மா சொல்லிச் சிரித்தாள். பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டி எனக்குக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். "முக்குல ஒருவாட்டி நிறுத்திப் பிரேக்கைப் பார்த்துக்கிட்டுப் போயிடுங்க" என்றார் மேஸ்திரி. எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பிய வண்டியை உடனே நிறுத்தினால் ஆகாது என்று மாணிக்கண்ணன் தலையாட்டினார். மேஸ்திரிக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான் பட்டது, என்ன சொல்ல! நிறுத்தாமல் கிளம்பினோம். கன்னியம்மா தெருமுனை வரை கையாட்டிக்கொண்டு வந்தாள்.

மைசூர் எல்லையிலிருக்கிற அத்திபெலே வரை சமதரை. வண்டி மெதுவாகப் போயிற்று, லாரி பிரேக்கே போதுமாக இருந்தது. நானும் கைப்பிடியைத் தொடவில்லை. தொட்டால் அன்றைக்கு மாதிரி பூட்டிக்கொள்ளுமோ என்று அடிமனசில் ஒரு கிலி. அத்திபெலேயில் டீ குடித்தோம். கடைக்காரர் தமிழிலேயே, "மெட்ராஸ் பக்கம் போறீங்களா? சாவடியில குடைஞ்சு எடுப்பாங்க" என்று எச்சரித்தார். மைசூர்ப் பக்கம் சாராயம் தாராளம். நம் பக்கம் மதுவிலக்கு. அதனால் எல்லையில் போலீஸ் சோதனை.

சாவடிக்கு முன்னால் ஒரு இறக்கம். குறுக்கே மூங்கில் தடுப்பு, அதற்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று. "பிடிங்க சிஸ்டர்" என்றார் மாணிக்கண்ணன். பிடித்தேன். முள்ளைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் இருந்தது. இன்னும் தள்ளினேன். அசையவில்லை. கைப்பிடியைக் கோடிக்கே கொண்டுபோனேன்.

"அண்ணே, முள்ளு நகரலே! முள்ளு நகரலே அண்ணே!"

அதற்குள் அவர் லாரி பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னாலிருந்து அதே நெட்டு. எனக்கு அது பழகிய நெட்டு.  மாட்டுவண்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதித்தார். மாணிக்கண்ணன் பிரேக்கை விட்டார், ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரி சாலையைவிட்டு இறங்கி, தடுப்பையும் தாண்டி, உழுது போட்டிருந்த காட்டுக்குள் போய்ச் சக்கரம் புதைந்து நின்றது. மாடுகள் இரண்டும் இருந்த இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருந்தன. நான் "மெள்ளகெ ஹோகி, மெள்ளகெ ஹோகி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். மாணிக்கண்ணன் பிறகு சொன்னார்.

தடுப்பைத் தாண்டி ஓடிய வண்டியைப் போலீஸ் சும்மா விடுமா? கான்ஸ்டபிள் ஒருவர் தடியோடு ஓடிவந்தார். டிரெய்லரைத் திறக்கச் சொன்னார். உள்ளே படம் கழுவுகிற மருந்து, பழுப்பு நிறக் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக இருந்தது. "ஆஹா!" என்று ஒன்றைத் திறந்து முகர்ந்தார். முகர்ந்தவர் இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவில்லை. மருந்து நெடியால் வரும் இருமல் அது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்கிறவள்.

"எவ்வளவு நாளா இந்த இருமல்?" என்றேன்.

"அது கெடக்குது ரெண்டு மாசமா" என்றார் மூச்சு வாங்க. பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தார். "இது நெஞ்சுப் படம் எடுக்கிற வண்டியா? எனக்கு எடுப்பீங்களாம்மா?"

இங்கே கரண்டு இல்லை, சேலத்துக்கு வாருங்கள் என்றேன். லீவு கொடுக்கமாட்டார்கள் என்றார். "வண்டி மறுபடி இந்தப் பக்கம் வராதா?" என்று கேட்டார். பிரேக் பிடித்தால் வரும் என்றேன்.

மாணிக்கண்ணன் பின்னால் போய், டிரெய்லருக்குக் கரண்டு போகிற பிளக்கைக் கழற்றிக்கொண்டு நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். போய்ப் பார்த்தேன். பிளக்கின் ஓட்டை ஒவ்வொன்றிலும் சந்தனம். காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. அதன்மேல் பதவிசாக ஒரு குங்குமப் பொட்டு.

"அண்ணே!"

"புதுசா வந்த சாமானுக்குத்தானே முக்கியமா வைக்கணும்னு..." என்றார். "ஒரு ஓட்டை விடாம வச்சேன் சிஸ்டர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நம்ம ரெண்டு பேரையும் கொல்லப் பார்த்தீங்களே! உங்களுக்கு மூளை இருக்கா?" என்று கத்திவிட்டேன். வயசில் பெரியவரை நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயம் சிஸ்டர்" என்றார் கடைசியில். "ஏற்காட்டுல இறங்கின நாள்லேருந்து நான் தூங்கலே. கண்ணை மூடினா பின்னால இருந்து தள்ளுது. பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலே. டிரைவர் பயப்படுறான்னு தெரிஞ்சா யாரு வண்டி குடுப்பாங்க?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "எனக்கும் தூக்கம் கிடையாதுண்ணே" என்றேன். கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தேன். டிரெய்லரிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தேன். காது குடைகிற மாதிரி ஒவ்வொரு ஓட்டையாகக் குடைந்து, துடைத்து, பிளக்கை மாட்டினோம். ஏறிக் கைப்பிடியை நகர்த்தினேன். முள் நகர்ந்தது. மறுபடி நகர்த்தினேன், மறுபடி நகர்ந்தது. கான்ஸ்டபிளும் மாட்டுவண்டிக்காரரும் ஆள் சேர்த்து, காட்டிலிருந்து வண்டியைத் தள்ளிவிட்டார்கள்.

தொப்பூர் மலை இறக்கத்துக்கு முன்னால் சாலையோரம் ஒரு சின்னக் கோயில். எல்லா லாரிகளும் அங்கே நின்றுதான் இறங்கும். மாணிக்கண்ணன் இறங்கிக் கும்பிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு வாழையிலைத் துண்டை எடுத்துப் பிரித்தார். மிச்சச் சந்தனம். இறக்கத்துக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். இலையைக் கையில் வைத்துக்கொண்டு லாரியைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் என் வலது கையை ஜன்னல் வழியாக நீட்டினேன். "இதுல வைங்கண்ணே. பிடிக்கப்போறது இதுதானே."

கொஞ்சம் தயங்கினார். பிறகு ஸ்பானருக்கு வைக்கிற மாதிரியே புறங்கையில் சந்தனத்தைத் தீற்றி, நடுவில் குங்குமம் வைத்தார். 

இறங்கினோம். வர்ணிக்க எனக்கு ஒன்றும் தெரியாது. மலையைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். "பிடிங்க" என்பார். பிடிப்பேன், முள் ஏறும், பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும், அதற்கப்புறம் அவர் மிதிப்பார். "விடுங்க" என்பார். விடுவேன். ஒரு வளைவில் எதிரே பாரம் ஏற்றிய லாரி வந்து, ஒதுங்க இடமில்லாமல் நடு இறக்கத்தில் நிற்கவேண்டியதாயிற்று. நின்றது. லாரியும் டிரெய்லரும் சேர்ந்தே நின்றன. புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ள வியர்த்துக் கொட்டியது. மறுபடி "விடுங்க" என்றார். மெள்ளகெ ஹோகி, மெள்ளகெ ஹோகி. ஒரு தடவைகூட டிரெய்லர் எங்களைத் தள்ளவில்லை.

அடிவாரத்தில் டீக்கடை நிழலில் வண்டியை நிறுத்தினார்.

"இறங்கிட்டோம் சிஸ்டர்."

"தெரியுது."

"கையை எடுங்க."

"வரமாட்டேங்குதுண்ணே" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விரல்கள் கைப்பிடியைச் சுற்றி இறுகிப்போயிருந்தன. புறங்கைச் சந்தனம் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் என் கையை இழுக்கவில்லை. போய் இரண்டு டீ வாங்கிவந்து, ஏறி உட்கார்ந்து ஒன்றை நீட்டினார். இடது கையால் வாங்குகிறேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றேன். அவர் சிரித்தார். அந்தப் பயணத்திலேயே அவர் சிரித்தது அப்போதுதான். அடுத்த வாரம் ஏற்காட்டில் எந்த எஸ்டேட்டுக்கு முதலில் போகலாம் என்று நான் ஏதோ கேட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மாணிக்கண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டை வந்தது.

சமதரை. வண்டி நின்றுதான் இருந்தது. இருந்தாலும் அவர் எழுந்திருக்கிறவரை நான் கைப்பிடியை விடவில்லை.